புதுப்பிப்பு: பால்சா டைகர் மாத், திருப்பத்தில் மூக்கு எதிர்ப்பக்கம் விலகிய சிக்கல் தீர்ந்தது

யோசனை சொன்ன அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. ஆறில் ஒரு பங்கு அளவில், 1.49 மீட்டர் இறக்கை அகலத்துடன் பால்சா என்ற இலகு மரத்தில் நான் கட்டிய ரேடியோ கட்டுப்பாட்டு மாதிரி விமானமான டைகர் மாத் (இரட்டை அடுக்கு இறக்கை விமானம்), இடப்பக்கம் சாய்த்தால் மூக்கை வலப்பக்கம் திருப்புகிறது என்று முன்பு எழுதியிருந்தேன்.

ஐலரான்களின் (விமானத்தைப் பக்கவாட்டில் சாய்க்க இறக்கையின் பின்விளிம்பில் உள்ள மடல்கள்) அசைவைக் கூட்டிப் பார்த்ததில் சிக்கல் மோசமானது. பலன் தந்தது, மேலே எழும் ஐலரானைவிடக் கீழே இறங்குவது குறைவாக அசையட்டும் என்ற யோசனைதான். இரு ஐலரான்களுக்கும் தனித்தனி சர்வோ (மடலை அசைக்கும் சிறு மோட்டார்) இருந்ததால், கையில் பிடித்து இயக்கும் டிரான்ஸ்மிட்டரிலேயே மேலே 14 மி.மீ., கீழே 5 மி.மீ. என அமைத்தேன். 1931இல் முதலில் பறந்த அசல் விமானத்திலும் ஐலரான்கள் கீழ் இறக்கையில் மட்டுமே உண்டு; அதிலும் கீழிறங்கும் ஐலரான் குறைவாகவே இறங்கும். வரைபடத்தில் இதைக் கவனிக்காதது என் தவறு. ஆனாலும் திருப்பத்தைத் தொடங்கும்போது ரடரைச் (மூக்கை இடவலமாகத் திருப்பும் வால் மடல்) சற்றே சேர்த்துக் கொடுக்க வேண்டியிருக்கிறது. இந்த விமானத்துக்கு அது இயல்பு என்றே கருதுகிறேன்.

எதிர்பாராத ஒன்றும் தெரிந்தது. மேலுறைப் படலம் சுருங்கியதில் வலது கீழ் இறக்கையின் நுனி 3 மி.மீ. முறுக்கிக்கொண்டிருந்தது. இறக்கையை எதிர்த்திசையில் சற்று அதிகமாகவே முறுக்கிப் பிடித்தபோது படலத்தில் குறுக்காகச் சுருக்கங்கள் விழுந்தன. வெப்பக் காற்றுத் துப்பாக்கியால் அவற்றை நீவி, சூடு ஆறும்வரை கையை எடுக்காமல் வைத்திருந்தேன். இரண்டு வாரமாக இறக்கை நேராகவே நிற்கிறது.