சிங்கப்பூர் கம்பெனிக்குப் பங்குப் பணம் அனுப்ப முடியவில்லை, உதவி தேவை

கோவை_தறி: வணக்கம். சிங்கப்பூரில் பிரைவேட் லிமிடெட் கம்பெனி பதிவாகிவிட்டது. பணம் அனுப்பப் போனால் இங்கே வங்கியில் படிவத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். ஏஜென்ட் தினமும் கேட்கிறார். அவசரம், யாராவது வழி சொல்லுங்கள்.

தெம்பனீஸ்_வாசி: பங்கு உங்கள் பெயரிலா, உங்கள் இந்தியக் கம்பெனி பெயரிலா? எவ்வளவு தொகை? சிங்கப்பூரில் வங்கிக் கணக்கு திறந்தாயிற்றா?

மணி_ஈரோடு: கண்டிப்பாக நாமினி டைரக்டர் பிரச்சினைதான். அங்கே குடியிருக்கும் ஒருவராவது டைரக்டராக இருக்க வேண்டும் என்பது சட்டம். காசு கொடுத்துப் பிடித்த டைரக்டர் என்றாலே வங்கிகள் யோசிக்கும்.

கணக்கர்: மணி, அது அங்கே கணக்கு திறக்கும்போது வரும் சிக்கல். இவர் மாட்டியிருப்பது இங்கே. இந்தியர்கள் வெளிநாட்டில் முதலீடு செய்வதற்கென்று 2022 ஆகஸ்டில் வந்த விதிகளைப் பற்றி எத்தனை முறை எழுதியாயிற்று! பழையதைப் புரட்டிக்கூடப் பார்க்காமல் 'அவசரம்' என்றால் எப்படி?

தெம்பனீஸ்_வாசி: சார், முதல்முறை தொழில் தொடங்குகிறவர். கொஞ்சம் பொறுமையாகச் சொல்லலாமே.

கோவை_தறி: என் பெயரில்தான், 100 சதவீதம். 20,000 அமெரிக்க டாலர். கணக்கு திறந்தாயிற்று. படிவத்தில் எதற்காக என்ற இடத்தில் 'சாஃப்ட்வேர் சேவைக் கட்டணம்' என்று போடச் சொன்னார் ஏஜென்ட்.

கணக்கர்: அதுதான் காரணம். பங்கு முதலீட்டைச் சேவைக் கட்டணம் என்று அனுப்பியிருந்தால் ஃபெமா (அந்நியச் செலாவணிச் சட்டம்) மீறல், திரும்பி வந்ததே நல்லது. தனிநபர் வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பும் எல்.ஆர்.எஸ். திட்டத்தில் நிதியாண்டுக்கு 2,50,000 டாலர் வரை அனுப்பலாம். ஆனால் அந்தக் கம்பெனி உண்மையில் தொழில் செய்ய வேண்டும், நிதிச் சேவையில் இருக்கக் கூடாது, அதற்குத் துணைக் கம்பெனியும் கூடாது. வங்கியில் வெளிநாட்டு முதலீட்டுக்கான படிவம், ஃபார்ம் எஃப்.சி., கொடுங்கள். ரிசர்வ் வங்கியின் யூ.ஐ.என். (அந்த முதலீட்டுக்கான அடையாள எண்) வந்த பிறகே பணம் போக வேண்டும். 10 லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட தொகைக்கு 20% டி.சி.எஸ். (முன்கூட்டியே வசூலிக்கும் வரி) பிடிப்பார்கள், அதை வருமான வரியில் கழித்துக்கொள்ளலாம். அப்புறம், பங்கு உங்கள் பெயருக்கு ஏற்கனவே ஒதுக்கியாயிற்றா? ஒதுக்குவதற்கு முன்பே யூ.ஐ.என். வாங்கியிருக்க வேண்டும். தேதியை வங்கியிடம் மறைக்காதீர்கள்.

மணி_ஈரோடு: இவ்வளவு அலைச்சலுக்கு எஸ்டோனியாவே மேல். இ-ரெசிடென்சி கார்டு (அந்நாட்டு அரசு வெளிநாட்டவருக்குத் தரும் டிஜிட்டல் அடையாள அட்டை) வாங்கினால் வீட்டிலிருந்தே கம்பெனி தொடங்கலாம். லாபத்தைப் பிரித்து எடுக்கும்வரை கம்பெனி வரியும் இல்லை.

கப்பல்_குமார்: அந்தக் கார்டு விசாவும் ஆகாது, குடியுரிமையும் ஆகாது. இந்தியாவில் இருந்துகொண்டு தொடங்கினால் எஸ்டோனியாவுக்கும் இதே ஃபார்ம் எஃப்.சி.தான்.

மணி_ஈரோடு: விசா என்று நான் எங்கே சொன்னேன்? சிங்கப்பூரில் மட்டும் கம்பெனி தொடங்கியவுடன் வேலை பாஸ் (அங்கே வேலை செய்ய அனுமதி) கையில் கொடுக்கிறார்களா?

தெம்பனீஸ்_வாசி: இல்லை. கம்பெனிப் பதிவு ஏக்ரா என்ற அரசு அமைப்பிடம், பாஸ் மனிதவள அமைச்சிடம். ஒன்று கிடைத்தால் மற்றது தானாக வராது. இங்கே அதை நம்பி வந்து திரும்பியவர்களைப் பார்த்திருக்கிறேன். எஸ்டோனியாவைத் தனியாகப் பேசுவோம், இவர் பிரச்சினை முடியட்டும்.

கோவை_தறி: அதே வங்கியில் வேறு கிளை. ஃபார்ம் எஃப்.சி. வாங்கிக்கொண்டார்கள், யூ.ஐ.என். வந்துவிட்டது. பணம் போய்விட்டது. எல்லோருக்கும் நன்றி.

கணக்கர்: நல்லது. பங்குச் சான்றிதழை 6 மாதத்துக்குள் வங்கியில் கொடுத்துவிடுங்கள். ஒதுக்கீட்டுத் தேதி பற்றி என்ன சொன்னார்கள், தாமதக் கட்டணம் கேட்டார்களா?

மணி_ஈரோடு: எந்தக் கிளை என்றும் சொல்லுங்கள். நானும் போக வேண்டியிருக்கிறது.