டாகோரைவிடப் பெயரில்லாத பித்தளை லென்ஸ் கூர்மையாக விழுகிறது: கோளாறு எங்கே?

தெப்பக்குளத்தான்:

வணக்கம். மேலூரில் என் தாய்மாமா நடத்திவந்த ஸ்டுடியோவை மூடியபோது ஹாஃப் பிளேட் (165-க்கு 121 மி.மீ.) மரக் கேமரா ஒன்றும் மூன்று லென்ஸ்களும் என் வீட்டுக்கு வந்து சேர்ந்தன. கேமரா ஆலப்புழையில் செய்த வாகீஸ்வரி. இருட்டறையில் உள்ளே பல்பு எரியவிட்டுப் பார்த்துவிட்டேன், பெல்லோஸில் (கேமராவின் மடிப்புத் துருத்தி) ஓட்டை இல்லை.

லென்ஸ்களில் ஒன்று கோர்ஸ் டாகோர், 210 மி.மீ., எஃப் 6.8 (துவாரத்தின் அளவு; எண் சிறிதானால் துவாரம் பெரிது). இன்னொன்று ஸைஸ் டெஸ்ஸார், அதுவும் 210 மி.மீ., எஃப் 4.5. இரண்டும் காம்பூர் ஷட்டரில் இருக்கின்றன. மூன்றாவது, செய்தவர் பெயரே இல்லாத பித்தளைக் குழல். ரேப்பிட் ரெக்டிலினியர் என்கிறார் மாமா. ஷட்டர் கிடையாது, மூடியைக் கழற்றி மாட்டித்தான் எடுக்க வேண்டும். அதன் வளையத்தில் 4, 8, 16, 32, 64 என்று பொறித்திருக்கிறது.

வண்டியூர் தெப்பக்குளத்தின் கிழக்குக் கரையில் நின்று, சூரியன் எழும் முன் மைய மண்டபத்தை மூன்றாலும் எடுத்தேன். பச்சை ஒளியை உணரும் எக்ஸ்ரே ஃபிலிம். 8×10 அங்குலத் தாளை இரண்டாக வெட்டி, ஹாஃப் பிளேட் அளவுக்கு ஓரம் நறுக்கி, சிவப்பு விளக்கில் டெவலப் செய்கிறேன். டாகோருக்கும் டெஸ்ஸாருக்கும் எஃப் 12.5-இல் 2 வினாடி. பித்தளைக்கு 8-இல் 1 வினாடி. எல்லாவற்றுக்கும் துவாரத்தை முழுதாகத் திறந்து ஃபோகஸ் செய்தபிறகுதான் குறைத்தேன்.

நடுவில் மண்டபத் தூண்கள் பித்தளை லென்ஸில் கத்தி போல் இருக்கின்றன, டாகோரில் மசங்கலாக இருக்கின்றன. ஆனால் பித்தளையின் நெகட்டிவ் மிக மெலிதாக வந்திருக்கிறது. டெஸ்ஸார் நன்றாகத்தான் இருக்கிறது. லென்ஸ் மாட்டிய முன்பலகையை ஓர் அங்குலம் உயர்த்தி எடுத்த படத்தில் மட்டும் வானத்து மூலைகள் இரண்டும் கரைந்துபோயின. ஒன்றை வைத்துக்கொண்டு இரண்டை விற்றுவிடு என்கிறார் மாமா. டாகோரைப் பற்றி எல்லோரும் புகழ்வதைக் கேட்டிருக்கிறேன், அதனால்தான் குழப்பம்.

ஒத்தக்கடை:

முதலில் டாகோரின் பின்பக்கத்திலிருந்து டார்ச் அடித்துப் பாருங்கள். முன்னும் பின்னும் மும்மூன்று கண்ணாடிகளைக் கனடா பால்சம் என்ற பிசினால் ஒட்டிய லென்ஸ் அது. ஒட்டு விட்டிருந்தால் ஓரத்தில் வானவில் நிறமோ, மஞ்சள் திட்டோ தெரியும். வெயிலில் நின்ற காருக்குள் விட்டுவைத்தால்கூட ஒட்டு விடும். வலைப்பின்னல் மாதிரி தெரிந்தால் பூஞ்சை.

அதில் கோளாறு இல்லையென்றால் ஃபிலிமை வைக்கும் பிளேட் ஹோல்டரைத்தான் சந்தேகப்படுவேன். கண்ணாடி பிளேட்டுக்காகச் செய்த ஹோல்டரில் மெல்லிய ஃபிலிமைப் போட்டால் அது நடுவில் தொப்பை போடும். பின்னால் என்ன வைத்தீர்கள்?

தெப்பக்குளத்தான்:

டார்ச் வெளிச்சத்தில் டாகோர் சுத்தமாக இருக்கிறது. ஃபிலிமுக்குப் பின்னால் கனத்த அட்டை வைத்து ஸ்பிரிங்கால் அழுத்தியிருக்கிறேன். ஃபோகஸ் பார்க்கும் கிரவுண்ட் கிளாஸின் சொரசொரப்பான பக்கம் லென்ஸைப் பார்த்துத்தான் இருக்கிறது.

பழைய ஸ்டுடியோ:

தம்பி, எளிதானதை முதலில் முடித்துவிடுவோம். பித்தளையில் இருக்கும் 4 எஃப் 4 அல்ல. எஃப் 4 என்றால் 210 மி.மீ. லென்ஸில் துவாரம் 52 மி.மீ. அகலம் இருக்க வேண்டும். முன்னால் நின்று ஸ்கேல் பிடித்துப் பாருங்கள், அதில் பாதிதான் இருக்கும். அது 1880-களில் பிரிட்டனில் வந்த யூனிஃபார்ம் சிஸ்டம் என்ற பழைய கணக்கு. அந்த முறையில் எண் இரட்டித்தால் வெளிச்சம் பாதியாகும். 4 என்பது நம் எஃப் 8, 8 என்பது எஃப் 11, 32 என்பது எஃப் 22, 64 என்பது எஃப் 32. இரண்டு கணக்கும் ஒத்துப்போகும் ஒரே இடம் 16. நீங்கள் எஃப் 8 என்று நினைத்து 1 வினாடி கொடுத்தது உண்மையில் எஃப் 11, ஆகவே பாதி வெளிச்சம்தான் கிடைத்தது. நெகட்டிவ் மெலியாமல் என்ன செய்யும்?

இனி டாகோர். எமில் ஃபான் ஹோக் 1892-இல் வடிவமைத்த லென்ஸ் அது. அதன் குணம் ஒன்று உண்டு: முழுத் திறப்பில் எங்கே ஃபோகஸ் விழுகிறதோ, துவாரத்தைக் குறைத்ததும் அந்த இடத்திலிருந்து நகர்ந்துவிடும். 6.8-இல் தூணைப் பிடித்துவிட்டு 12.5-க்கு வந்தால் தூண் தப்பிவிடும். எஃப் 32 வரை போனால் ஆழம் கூடி, நகர்ந்தது தெரியாமல் போகும். 9-க்கும் 16-க்கும் நடுவில்தான் மாட்டிக்கொள்வோம். எந்தத் துவாரத்தில் எடுக்கப்போகிறீர்களோ அதிலேயே ஃபோகஸ் செய்யுங்கள். புகழ்கிறவர்கள் யாரும் இதைச் சொல்வதில்லை, புகழ்ச்சி எப்போதும் அப்படித்தான்.

ஒத்தக்கடை:

ஐயா சொல்வது சரியாக இருக்கலாம், ஆனால் ஹோல்டரை இவ்வளவு சீக்கிரம் விடமாட்டேன். எந்தப் படம் ஹோல்டரின் எந்தப் பக்கத்தில் எடுத்தது?

தெப்பக்குளத்தான்:

டாகோர் 1-ஆம் பக்கம், பித்தளை 2-ஆம் பக்கம். டெஸ்ஸாருக்கு வேறு ஹோல்டர்.

ஒத்தக்கடை:

பார்த்தீர்களா! மூன்று லென்ஸையும் ஒப்பிட்டதாக நினைக்கிறோம், நடந்தது மூன்று ஹோல்டர் பக்கங்களின் ஒப்பீடு. டாகோருக்கு 12.5, பித்தளைக்கு உண்மையில் 11. துவாரத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. ஒரே பக்கத்தில் இரண்டையும் எடுத்திருந்தால், ஃபிலிம் இடம் தப்பியிருந்தாலும் இரண்டும் ஒரே அளவு மசங்கியிருக்கும். இப்போது லென்ஸா ஹோல்டரா என்று யாராலும் சொல்ல முடியாது. பக்கங்களை மாற்றி இன்னொரு முறை எடுங்கள்.

கொடை மூடுபனி:

ஒத்தக்கடைத் தம்பியின் கட்சிதான் நானும். கூடவே இன்னொன்று: விடியும் நேரத்தில் லென்ஸ்களை ஒப்பிடாதீர்கள். முதல் படத்துக்கும் மூன்றாவது படத்துக்கும் நடுவில் வெளிச்சம் ஏறிவிடுகிறது. குளத்துக்குப் போகவே வேண்டாம். வீட்டுத் தாழ்வாரத்தில் நிழல் விழும் சுவரில் செய்தித்தாளின் வரி விளம்பரப் பக்கத்தை நடுவில் ஒன்று, நான்கு மூலையிலும் ஒன்று என்று ஒட்டுங்கள். கேமராவுக்கும் சுவருக்கும் குறைந்தது 14 அடி இருக்கட்டும். மிகக் கிட்டத்தில் வைத்தால் முன்னும் பின்னும் ஒரே அமைப்பாக இருக்கும் டாகோரும் ரெக்டிலினியரும் அனுகூலம் பெறும், டெஸ்ஸார் பாவம் தோற்கும். நிழலில் வினாடிக் கணக்கில் எக்ஸ்போஷர் வருவதால் மூடியைக் கழற்றி மாட்டுவதும் சிரமமில்லை.

ஃபோகஸ் நகர்கிறதா என்று பார்க்கத் தையல்காரர் டேப்பை ஒரு பலகையில் ஒட்டிச் சாய்த்து வையுங்கள். முழுத் திறப்பில் 50-ஆம் சென்டிமீட்டரைப் பிடித்துவிட்டு, 6.8-இல் ஒன்று, 12.5-இல் ஒன்று எடுங்கள். ஹோல்டரில் கோளாறு என்றால் இரண்டு படத்திலும் கூர்மை 50-ஐ விட்டு ஒரே இடத்துக்குத் தள்ளிப்போயிருக்கும். லென்ஸின் குணம் என்றால் இரண்டாவது படத்தில் மட்டும் நகரும். இதை விடச் சண்டை தீர்க்கும் வழி எனக்குத் தெரியாது.

எக்ஸ்ரே ஃபிலிம் பற்றியும் ஒரு சொல். அதன் இரண்டு பக்கமும் எமல்ஷன் (ஒளியை உணரும் படலம்) உண்டு, பின்னால் ஒளி திரும்பாமல் தடுக்கும் பூச்சு கிடையாது. பின்பக்க எமல்ஷனில் விழும் படம் எப்போதும் கொஞ்சம் மங்கல். கழுவிக் காய்ந்த நெகட்டிவைக் கண்ணாடியில் ஓரம் முழுதும் டேப் ஒட்டிப் படுக்கவைத்து, மேலே இருக்கும் பக்கத்தை மட்டும் பிளீச் திரவத்தால் கரைத்து எடுத்துவிட்டால் கூர்மை ஏறும். எந்தப் பக்கம் லென்ஸைப் பார்த்தது என்று குறித்து வைத்துக்கொள்ளுங்கள். கையுறை அவசியம்.

தெப்பக்குளத்தான்:

அக்கா, டேப் வைத்து எடுத்துவிட்டேன். இரண்டும் ஒரே ஹோல்டரின் 1-ஆம் பக்கத்தில். 6.8-இல் கூர்மை சரியாக 50-இல் நிற்கிறது, ஆனால் படம் முழுதும் ஒரு மெல்லிய பளபளப்பு படர்ந்திருக்கிறது. 12.5-இல் எழுத்துகள் நன்றாக இறுகிவிட்டன, ஆனால் கூர்மை 50-இல் இல்லை, தள்ளிப்போயிருக்கிறது. 12.5-இல் வைத்தே ஃபோகஸ் செய்து எடுத்ததில் 50 அப்படியே நிற்கிறது. 2-ஆம் பக்கத்திலும் இதே முடிவுதான், ஆக ஹோல்டர் விடுதலை.

செய்தித்தாள் சுவரில், நடுப்பகுதியைப் பார்த்தால் மூன்றுக்கும் வித்தியாசம் கண்டுபிடிக்கவே லூப் (உருப்பெருக்கிக் கண்ணாடி) தேவைப்படுகிறது. மூலையில்தான் கதை மாறுகிறது: டாகோரில் விளம்பரத்தைப் படிக்கலாம், டெஸ்ஸாரிலும் படிக்கலாம், பித்தளையில் எழுத்து இருக்கிறது என்று மட்டும் தெரிகிறது.

ஒத்தக்கடை:

ஹோல்டர் மீது போட்ட வழக்கை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

பழைய ஸ்டுடியோ:

மூலைக் கதைக்கும் உங்கள் டெஸ்ஸார் கேள்விக்கும் ஒரே பதில்தான் தம்பி. ஹாஃப் பிளேட் 165-க்கு 121 மி.மீ.; மூலைவிட்டம் 204. லென்ஸ் வீசும் வட்டம் அதைவிடப் பெரிதாக இருந்தால்தான் நான்கு மூலையும் நிறையும். முன்பலகையை 25 மி.மீ. உயர்த்தினால் வானத்து மூலை நடுவிலிருந்து 119 மி.மீ. தூரம் போய்விடும், அப்போது 238 மி.மீ. வட்டம் வேண்டும். டெஸ்ஸார் சுமார் 60 பாகை கொடுக்கும். 210 மி.மீ. லென்ஸுக்கு அது 242 மி.மீ. வட்டம். அதாவது நீங்கள் வட்டத்தின் விளிம்பில் நின்றிருக்கிறீர்கள், விளிம்பில் எந்த லென்ஸும் கரையத்தான் செய்யும். டாகோரைச் சிறிய துவாரத்துக்குக் குறைத்தால் 80 பாகைக்கு மேல் போகும், வட்டம் 350 மி.மீ.யைத் தொடும். முன்பலகை உங்கள் கேமராவில் எவ்வளவு ஏறுமோ அவ்வளவும் ஏற்றலாம். ரெக்டிலினியர் 1866-ஆம் வருஷத்து யோசனை. நேர்கோட்டை வளைக்காது, நடுவில் கூர்மை. மூலையை அதனிடம் கேட்கக் கூடாது.

கோபுரம், மண்டபம், ஆனைமலை என்று போகிறவர் டாகோரை வைத்துக்கொள்ளுங்கள். 1858-இல் லின்னேயஸ் டிரைப் என்ற ஆங்கிலேயர் பெரிய காகித நெகட்டிவ்களில் மதுரையைப் படம் பிடித்தபோது இந்த மூன்றில் ஒன்றுகூடப் பிறந்திருக்கவில்லை. ஆகவே மீதி இரண்டை விற்றுவிட்டால் படமெடுக்க முடியாது என்று யாரும் பயப்பட வேண்டாம்.

கொடை மூடுபனி:

ஐயா, டெஸ்ஸாரை விற்கச் சொல்வதை மட்டும் ஏற்க மாட்டேன். எஃப் 4.5-இல் கிரவுண்ட் கிளாஸ் எவ்வளவு வெளிச்சமாக இருக்கும்! மாலையில் முகம் எடுப்பவருக்கு அது பெரிய உதவி. உயர்த்தாமல் எடுக்கிற எந்தப் படத்துக்கும் அது போதும், 1902-இல் பால் ருடால்ஃப் செய்ததை உலகம் முழுதும் நகலெடுத்தது சும்மா அல்ல. குறை சொல்ல வேண்டுமென்றால் எதிர்வெயில். உங்களுடையது பூச்சு இல்லாத காலத்து லென்ஸ் என்றால், காற்றைத் தொடும் ஒவ்வொரு பரப்பிலும் 4 சதவீதத்துக்கு மேல் வெளிச்சம் திரும்பும். டெஸ்ஸாரில் அப்படி 6 பரப்புகள், டாகோரில் 4. எதிரில் வெயில் இருக்கும்போது டாகோரின் நிழல்கள் கறுப்பாக நிற்கும், டெஸ்ஸாரின் நிழல்களில் சாம்பல் ஏறும். கறுப்பு அட்டையில் ஒரு ஹூட் மடித்துக்கொண்டால் பாதி தீர்ந்துவிடும்.

தெப்பக்குளத்தான்:

இரண்டு கட்சிக்கும் நன்றி. டாகோர், டெஸ்ஸார் இரண்டும் இருக்கட்டும் என்று மாமாவிடம் சொல்லப்போகிறேன். ஒரு சந்தேகம் மிச்சம்: 12.5-இல் ஃபோகஸ் செய்யும்போது கிரவுண்ட் கிளாஸ் இருட்டாக இருக்கிறது, விடியுமுன் ஒன்றுமே தெரிவதில்லை.

பழைய ஸ்டுடியோ:

கறுப்புத் துணிக்குள் போனதும் உடனே ஃபோகஸ் செய்யாதீர்கள். கண் பழக ஓரிரு நிமிடம் பொறுத்து, அதன்பின் லூப்பை வையுங்கள். தூணின் உடம்பைப் பிடிக்க முயல வேண்டாம். தூணும் வானமும் சந்திக்கும் விளிம்பைப் பிடியுங்கள். இருட்டு மிகுந்தால் மண்டபத்துக்கு அதே தூரத்தில் தெருவிளக்கு ஏதாவது இருக்கிறதா என்று தேடி, கேமராவைத் திருப்பி அதில் ஃபோகஸ் செய்து, திருகை இறுக்கிவிட்டுப் பழைய இடத்துக்குத் திருப்புங்கள்.

ஒத்தக்கடை:

அப்படியானால் பித்தளைதான் விற்பனைக்கு. தம்பி, வேறு யாருக்கும் வாக்குக் கொடுக்கும் முன் எனக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள். விலையை உங்கள் மாமாவே சொல்லட்டும், மூடியோடு வேண்டும்.