படத்தில் இருப்பவர் எங்கே, தம்பி?

நடிப்புப் பயிற்சியை முடித்த சில மாதங்களில் என் முதல் ஹெட்ஷாட்களை, அதாவது வாய்ப்புக் கேட்கும்போது நடிகர்கள் கொடுக்கும் முகப்படங்களை, எடுத்தேன். பதினான்கு படங்களை அச்சிட்டு, ஒரு கறுப்பு ஆல்பத்தில் அடுக்கி, நடிகர்களைத் தேர்வு செய்யும் ஒருவரைப் பார்க்கச் சென்றேன். அவர் பக்கங்களைப் புரட்டிய வேகத்தைக் கண்டதுமே எனக்கு வயிற்றைப் பிசைந்தது. ஏழாவது பக்கத்தில் நிறுத்தினார். படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மீண்டும் படத்தைப் பார்த்துவிட்டு, "இந்தப் படத்தில் இருப்பவர் எங்கே, தம்பி? அவர் வரவில்லையா?" என்று கேட்டார். கேலி என்று நினைத்துச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

என் இடது புருவத்தின் மேல் சிறு வயதில் விழுந்து பட்ட தழும்பு ஒன்று உண்டு. அவர் நிறுத்திய படத்தில் அந்தத் தழும்பு இல்லை. தோலின் நுண்துளைகள், கண்ணோரச் சுருக்கம் எல்லாமே ரீடச்சில் (எடுத்த படத்தைப் பின்னர் திருத்துவதில்) மறைந்து, சுண்ணாம்பு பூசிய சுவரைப் போல இருந்தது. அடுத்த படத்தில் தழும்பு இருந்தது, ஆனால் வலது புருவத்தில் இருந்தது. அந்தப் படம் எனக்கு ஏனோ விகாரமாகத் தெரிந்ததால், அதை இடவலமாக மாற்றித் தரும்படி படமெடுத்த நண்பரிடம் நானே கேட்டிருந்தேன். "ஒன்றில் காணோம், இன்னொன்றில் இடம் மாறிவிட்டது. இதில் எதை நம்பி உன்னை வரச் சொல்வது?" என்றார் அவர்.

அதன்பின் பத்து நிமிடங்கள் அவர் பேசினார், நான் கேட்டுக்கொண்டிருந்தேன். குளிர்கண்ணாடி அணிந்த மூன்று படங்களை முதலில் உருவிக் கவிழ்த்து வைத்தார். பிறகு தலைக்கு மேலே ஒற்றை விளக்கு எரியும் அறையில் எடுத்த படங்களுக்கு வந்தார். அவற்றில் என் கண்குழிகள் இரண்டும் இருண்டு கிடந்தன, கருவிழியில் ஒளிப்புள்ளி ஒன்றுகூட இல்லை. அந்தப் புள்ளி இல்லாவிட்டால் உயிருள்ள கண்ணும் பொம்மைக் கண்ணாகிவிடும் என்றார். நெருக்கமான கோடுகள் போட்ட சட்டை, திரையில் பார்க்கும்போது அலை அலையாக நெளிந்தது. கடைசியாக என் படங்களில் ஒன்றைத் தம் கைபேசியில் எடுத்து, கட்டைவிரல் நக அளவுக்குச் சுருக்கி என்னிடம் நீட்டினார். சட்டை தெரிந்தது, பின்னாலிருந்த செங்கல் சுவர் தெளிவாகத் தெரிந்தது, முகம் மட்டும் ஒரு மங்கலான நிழலாக இருந்தது. "நூறு பேர் படங்களோடு உன்னையும் இந்த அளவில்தான் முதலில் பார்ப்பார்கள்" என்றார்.

இவையெல்லாம் ஒளியையும் துணியையும் பற்றியவை என்பதால் தாங்கிக்கொண்டேன். உண்மையில் குத்தியது வேறொன்று. பதினான்கு படங்களில் பதினொன்றில் நான் முறைத்துக்கொண்டிருந்தேன். அதை ஆழம் என்று நினைத்திருந்தேன். "எல்லாவற்றிலும் கோபம் தெரிகிறது. யார் மீது கோபம் என்பது ஒன்றில்கூடத் தெரியவில்லை" என்று சொல்லி ஆல்பத்தை மூடினார். நடிப்பைப் படித்துவிட்டு வந்தவனுக்கு இதைவிடப் பெரிய அடி கிடையாது, ஏனெனில் வகுப்பில் முதல் வாரத்தில் எங்களுக்குச் சொல்லித் தந்ததும் அதுதான்: உணர்ச்சியை முகத்தில் ஒட்டாதே, எதிரில் இருப்பவரிடம் எதையாவது வேண்டிப் பார். கேமராவுக்கு முன்னால் நின்றதும் அதை எப்படி மறந்தேன் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

வீட்டுக்குத் திரும்பிய அன்றும் மறுநாளும் அவர்மீது கோபமாகவே இருந்தேன். (அந்தக் கோபத்தைப் படமெடுத்திருந்தால் யார் மீது என்று தெளிவாகத் தெரிந்திருக்கும்.) பிறகுதான், இந்தப் பதினான்கையும் தேர்ந்தெடுத்தது யார் என்று யோசித்தேன். நான்தான். முந்நூறுக்கும் மேற்பட்ட படங்களிலிருந்து, கண்ணாடியில் நான் பார்த்துப் பழகிய முகத்துக்கு நெருக்கமானவற்றையே பொறுக்கியிருக்கிறேன். மிட்டா, டெர்மர், நைட் ஆகிய மூன்று ஆய்வாளர்கள் 1977-ஆம் ஆண்டில் வெளியிட்ட உளவியல் ஆய்வு ஒன்றைப் பின்னர் படித்தேன்: ஒருவருக்குத் தம் முகத்தின் இடவலம் மாறிய படமே அதிகம் பிடிக்கிறது, அவருடைய நண்பர்களுக்கோ மாற்றாத படம்தான் பிடிக்கிறது, ஏனெனில் அவரவர் தினமும் பார்த்துப் பழகியது அவரவருக்குப் பிடித்துப்போகிறது. நான் தழும்பை இடம் மாற்றிய கதைக்கு இதைவிட நல்ல விளக்கம் கிடைக்காது. அப்படியானால் என் ஹெட்ஷாட்டைத் தேர்ந்தெடுக்க மிகவும் தகுதியற்ற ஆள் நானாகவே இருந்திருக்கிறேன்.

உங்களுடைய முதல் ஹெட்ஷாட்டுக்குக் கிடைத்த விமர்சனத்தையும், அதை நீங்கள் என்ன செய்தீர்கள் என்பதையும் இந்த உரையாடல் இழையில் எழுதுங்கள்.

*

மேடை நாடகத்திலிருந்து வந்த நடிகை ஒருவர் எழுதியது:

உங்களுக்கு விமர்சித்தவர் ஒருவர், எனக்கோ மூவர், அதுவும் ஒரே மாதத்தில். முதலாமவர், நான் சிரிக்கும் படங்களில் கண் சுருங்கிவிடுகிறது, சிரிக்காதே என்றார். இரண்டாமவர், சிரிக்காத படங்களில் நான் கடுமையானவளாகத் தெரிகிறேன், விளம்பர வாய்ப்புகளுக்கு இது உதவாது என்றார். இருவருக்கும் கீழ்ப்படிந்து இரண்டு முறை பணம் செலவழித்துப் படமெடுத்த பிறகுதான், அவரவர் தமக்குக் கைவசம் இருந்த வேலையை மனத்தில் வைத்துப் பேசியிருக்கிறார்கள் என்பது புரிந்தது. விளம்பரத்துக்கு ஆள் தேடுபவருக்குச் சிரிக்கும் முகம் தேவை. அழுத்தமான கதைக்கு ஆள் தேடுபவருக்கு அடங்கிய முகம் தேவை. இரண்டு வகைக்கும் ஒவ்வொரு படம் வைத்துக்கொண்டால் போதும் என்பதை அவர்களில் ஒருவராவது சொல்லியிருக்கலாம்.

மூன்றாமவர் படத்தைப் பற்றிப் பேசவே இல்லை. என் மூக்கைப் பற்றிப் பேசினார், தாடையைப் பற்றிப் பேசினார், அவற்றைச் 'சரிசெய்து' கொள்ளும் வழிகளைப் பற்றிப் பேசினார். அன்று முதல் எனக்கென ஒரு அளவுகோலை வைத்திருக்கிறேன். வேறொரு நாளில் வேறொரு வெளிச்சத்தில் மீண்டும் படமெடுத்தால் தீரக்கூடிய குறையை ஒருவர் சொன்னால், அது விமர்சனம், குறிப்பெடுத்துக்கொள்வேன். எத்தனை முறை படமெடுத்தாலும் தீராத ஒன்றைக் குறையென்று சொன்னால், அவர் என் படத்தைப் பார்க்கவில்லை என்று பொருள், வணங்கிவிட்டு எழுந்துவிடுவேன்.

ஆனால் அந்த மூவரில் ஒருவரும் கவனிக்காத பெரிய தவறு ஒன்று என் படங்களில் இருந்தது. படமெடுத்தவர் என் நிறத்தை இரண்டு படி வெளுக்க வைத்திருந்தார். நான் கேட்கவில்லை; அது தம் வழக்கம் என்றார். தேர்வு அறையில் ஒரு பெண் இயக்குநர்தான் படத்தை என் கன்னத்துக்கு அருகில் பிடித்துப் பார்த்து, "இந்தக் கதாபாத்திரத்துக்கு எனக்கு வேண்டியது உங்கள் நிறம்தான், இந்தப் படத்தின் நிறம் இல்லை. நல்லவேளை, நேரில் வந்தீர்கள்" என்றார். படத்தை மட்டும் பார்த்துவிட்டு அழைக்காமலே விட்டவர்கள் எத்தனை பேரோ என்ற எண்ணம் அதன்பின் பல நாள் என்னை உறங்கவிடவில்லை. இப்போதெல்லாம் படமெடுக்கத் தொடங்கும் முன்பே சொல்லிவிடுகிறேன்: நேற்று வந்து நாளை போகும் பரு ஒன்றிருந்தால் அழித்துக்கொள்ளுங்கள், எப்போதும் என்னுடன் இருப்பது எதுவோ அது இருக்கட்டும்.

*

ஒளிப்படக் கலைஞர் ஒருவர் எழுதியது:

குற்றவாளிக் கூண்டில் நிற்கவேண்டியவன் நானும்தான் என்பதால் எழுதுகிறேன். தொழிலுக்கு வந்த முதல் சில ஆண்டுகளில், நடிகருக்குப் பிடித்த படத்தைக் கொடுப்பதே என் வேலை என்று நினைத்திருந்தேன். பார்த்தவுடன் "நான் இவ்வளவு அழகா!" என்று அவர் சொன்னால் வெற்றி. அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு அவரை அழைத்தவர்கள் நேரில் எப்படி ஏமாந்தார்கள் என்பது எனக்கு ஒருபோதும் தெரியவராது. ஒருநாள் நான் படமெடுத்த பெண் தம் தேர்வு அனுபவத்தை அழுதபடி சொன்னபோதுதான் என் வேலையை நான் தவறாகப் புரிந்துகொண்டிருக்கிறேன் என்று தெரிந்தது.

இந்த இழையைத் தொடங்கிய நண்பரே, உங்கள் படங்கள் சிறிய அறையில் எடுக்கப்பட்டவை என்று ஊகிக்கிறேன். இடமில்லாத அறையில் அகன்ற கோண லென்ஸைப் போட்டு அருகில் வந்து எடுத்தால் மூக்கு முன்னால் வந்து, காதுகள் பின்னால் ஓடிவிடும். பலரும் லென்ஸைக் குறை சொல்வார்கள், குற்றம் தூரத்தினுடையது. கையை நீட்டி எடுக்கும் செல்ஃபியில் மூக்கு பெரிதாகத் தெரிவதற்கும் இதுவே காரணம். 85 முதல் 135 மில்லிமீட்டர் வரையிலான லென்ஸ்களை முகப்படத்துக்கு நாங்கள் நாடுவது, அவை நம்மைத் தாமாகவே இரண்டு மீட்டர் அளவுக்குத் தள்ளி நிற்க வைப்பதால்தான். லென்ஸின் ஒளித்துளையை f/1.8 வரை (எண் சிறிதாக ஆக, துளை பெரிதாகும்) திறந்து வைத்துப் பின்னணியைக் கரைக்கும் ஆசையும் புதியவர்களுக்கு உண்டு. அப்போது முகத்தைச் சற்றே திருப்பினால் ஒரு கண் கூர்மையாகவும் மறுகண் மங்கலாகவும் ஆகிவிடும். நான் துளையை f/4-க்கும் f/5.6-க்கும் இடையில் வைத்து, கேமராவுக்கு அருகிலிருக்கும் கண்ணைக் குவியப்படுத்துகிறேன். அச்சுக்கு வழக்கமாகக் கேட்கப்படும் 8-க்கு 10 அங்குலத்தில், அங்குலத்துக்கு 300 புள்ளிகள் என்றால் 2400-க்கு 3000 பிக்சல் போதும். அதைவிடப் பெரிய கோப்பினால் யாருக்கும் வாய்ப்புக் கிடைத்ததில்லை.

முறைப்பைப் பற்றி உங்களை விமர்சித்தவர் சொன்னது நூற்றுக்கு நூறு உண்மை, ஆனால் அதில் பாதிப் பழி படமெடுத்தவரைச் சேரும். "ரெடி, இங்கே பாருங்கள்" என்று சொல்லிவிட்டு மௌனமானால் எந்த நடிகரும் விறைத்துத்தான் போவார். நான் இப்போது ஒரு நண்பரையோ உடன் நடிப்பவரையோ அழைத்துவரச் சொல்லி, லென்ஸுக்குப் பக்கத்தில் அவரை நிறுத்தி, இருவரையும் பேச விடுகிறேன். கேள்வி கேட்டு முடித்த கணத்துக்கும் பதில் வாயில் வரும் கணத்துக்கும் நடுவில் முகத்தில் ஏதோ ஒன்று நிகழ்கிறது. நல்ல படங்களில் பெரும்பாலானவை எனக்கு அந்த இடைவெளியில்தான் கிடைத்திருக்கின்றன.

*

நெடுங்காலமாகத் துணைப் பாத்திரங்களில் நடிப்பவர் எழுதியது:

என் முதல் ஹெட்ஷாட் கறுப்பு வெள்ளைப் படம். அதற்கு அன்று ஒரு விமர்சனமும் வரவில்லை, அது நல்ல படம்தான். சிக்கல் என்னவென்றால், எட்டு ஆண்டுகள் அதையே கொடுத்துக்கொண்டிருந்தேன். ஒரு தேர்வில் உதவியாளர் படத்தைப் பார்த்துவிட்டு, "உங்கள் மகனையும் அழைத்து வந்திருக்கிறீர்களா, ஐயா?" என்று மிகுந்த மரியாதையுடன் கேட்டார். தலைமுடி இருந்த காலத்துப் படம் அது. அன்று மாலையே புதிய படம் எடுத்தேன். வழுக்கைக்குத் தனியாகக் கதாபாத்திரங்கள் உண்டு என்பதும் அதன்பின்தான் தெரிந்தது.

*

இழையைத் தொடங்கியவர் மீண்டும் எழுதியது:

அனைவருக்கும் நன்றி. அறையைப் பற்றிய ஊகம் சரி. என் நண்பர் சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டுதான் படமெடுத்தார். சகோதரி சொன்ன அளவுகோலைக் கொண்டு நான் கேட்டவற்றை மறுபடி எடை போட்டுப் பார்த்தேன். அந்தப் பத்து நிமிடங்களில் அவர் என் முகத்தைப் பற்றி ஒரு சொல்கூடக் குறையாகச் சொல்லவில்லை. சொன்னதெல்லாம் நான் அந்த முகத்துக்குச் செய்ததைப் பற்றியே இருந்தது. இதை இங்கே படித்த பிறகுதான் கவனிக்கிறேன்.

மூன்று மாதங்கள் கழித்து மீண்டும் எடுத்தேன். பெரிய சன்னல் ஒன்றின் பக்கத்தில் நின்று, மறுபக்கம் வெள்ளை அட்டை ஒன்றைப் பிடிக்கச் சொல்லி, கோடில்லாத நீலச் சட்டையில் எடுத்த படங்கள் அவை. லென்ஸுக்கு அருகில் என் தங்கை நின்று, சிறுவயதில் நான் உடைத்துவிட்டுப் பழியை அவள்மேல் போட்ட பொருள்களை ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். தேர்ந்தெடுக்கும் வேலையை என் நடிப்பாசிரியரிடமும் வகுப்புத் தோழர்கள் இருவரிடமும் விட்டுவிட்டேன். அவர்கள் எடுத்துக் கொடுத்த இரண்டில் ஒன்று எனக்கு இன்றும் பிடிக்காது. தழும்பு தன் பழைய இடத்தில், கொஞ்சம் தூக்கலாகவே தெரிகிறது.

இம்முறை ஆல்பம் கிடையாது. அந்த இரண்டு படங்களை மட்டும் எடுத்துக்கொண்டு அதே மனிதரிடம் சென்றேன். அவர் எனக்குப் பிடிக்காததைக் கையில் எடுத்தார். பாராட்டு வருமென்று காத்திருந்தேன். அவர் படத்தைத் திருப்பி வெற்றுப் பின்பக்கத்தைப் பார்த்துவிட்டு, பேனாவை என் பக்கம் தள்ளினார்.

"உயரமும் தொலைபேசி எண்ணும் எழுது, தம்பி. போன முறையும் எழுதாமல்தான் வந்தாய்."