பயிற்சிக்கு முன்னாடியே துள்ளுற சிப்பிப்பாறை: எப்படி நிதானப்படுத்துறது?

மொட்டைமாடி:
9 மாச ஆண் சிப்பிப்பாறை நாய். தினமும் சாயங்காலம் 6 மணிக்கு மாடியில பயிற்சி. 5:45-க்கே குரைக்க ஆரம்பிச்சிடுது. ட்ரீட் (பரிசுத் தீனி) பையை இடுப்புல கட்டினா மேல பாயுது. புறா பறந்தா கவனம் போச்சு. பை இல்லைன்னா 'உக்காரு' சொன்னாலும் கேக்காது. பயிற்சிக்கு முன்னாடி என்ன செய்யணும்?

கோணிச்சாக்கு:
கடிகாரத்தையும் பையையும் அது நல்லா மனப்பாடம் பண்ணிடுச்சு, அவ்வளவுதான். நேரத்தை 5-லிருந்து 7-க்குள்ள தினம் மாத்துங்க. வரிசை மட்டும் மாறக்கூடாது.

முதல்ல 10 நிமிஷம் லீஷைத் தளர்த்திப் பிடிச்சு மோப்பம் பிடிக்க விடுங்க, ஒண்ணுக்கு ரெண்டுக்கு அப்பவே முடியட்டும். பந்து எறிஞ்சு களைப்பாக்கலாம்னு நினைக்காதீங்க. வேட்டை நாய்க்கு ஓட்டம் வெறியைத்தான் ஏத்தும். அப்புறம் தண்ணி. அப்புறம் எப்பவும் ஒரே சாக்கை விரிச்சுட்டு, பேசாம பக்கத்துல நில்லுங்க. நாலு காலும் தரையில இருக்க, அதுவா உங்க முகத்தைப் பாக்குற நொடியில "ஆரம்பிக்கலாம்"னு சொல்லி முதல் ட்ரீட் துண்டைக் கொடுங்க. 1 நிமிஷம் ஆகியும் பாக்கலைன்னா பேர் சொல்லிக் கூப்பிட வேண்டாம். சாக்கைச் சுருட்டிட்டு இன்னும் 5 நிமிஷம் மோப்பம்.

பயிற்சி 3 நிமிஷம், பட்டாணி அளவுல 15 துண்டு போதும். முடிவுல "போதும்"னு சொல்லி நாலஞ்சு துண்டைத் தரையில இறைச்சிடுங்க.

புறா தொல்லைக்கு, முதல்ல கதவைச் சாத்தி ஹால்ல பழக்குங்க. மாடிக்குப் போனா லீஷைக் கழட்டவே கூடாது. கைப்பிடிச்சுவரெல்லாம் சிப்பிப்பாறைக்கு ஒரு தாவல்.

பட்டாணித்துண்டு:
பையைக் கட்டிக்கிட்டே துணி காயப்போடுங்க, பாத்திரம் கழுவுங்க. ஒண்ணும் கொடுக்காதீங்க. பையைப் பாத்தும் அது படுத்தே கிடக்குற வரைக்கும் இதைச் செய்யணும். பயிற்சியில துண்டுகளை டப்பாவில போட்டு அலமாரியில வைங்க. 'உக்காரு' சொல்லி, அது உக்காந்த பிறகுதான் கை டப்பாவுக்குப் போகணும். கை முந்திக்கிட்டா, நாய் சொல்லை விட்டுட்டுக் கையைத்தான் படிக்கும்.

வெயில்காலம்:
மாடித் தளத்துல புறங்கையை 7 விநாடி வைக்க முடியலைன்னா அன்னைக்கு அங்க பயிற்சி வேண்டாம். சாப்பிட்டு 3 மணி நேரமாவது ஆகியிருக்கணும். சிப்பிப்பாறை மாதிரி மார்புக்கூடு ஆழமான நாய்க்கு வயிறு முறுக்கிக்கிற ஆபத்து அதிகம். அதுக்காகப் பட்டினி போட்டா கையோட சேத்துக் கவ்வும். ட்ரீட்டுக்குக் கோழின்னா வெறும் தண்ணியில வேகவைங்க. குழம்புல போட்ட துண்டைக் கழுவிக் கொடுக்குறது ஆகாது, வெங்காயமும் பூண்டும் ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும்.

மொட்டைமாடி:
குரைச்சிட்டே இருந்தா சாக்கை விரிக்கலாமா?

கோணிச்சாக்கு:
கூடாதுங்க. குரைப்பு நின்னு 3 விநாடி அமைதி வந்ததும் லீஷை எடுங்க. மறுநாள் 5, அப்புறம் 10. முதல் சில நாள் குரைப்பு கூடத்தான் செய்யும். அப்ப பொறுக்காம விரிச்சிட்டீங்கன்னா, இன்னும் சத்தமா குரைச்சா வேலை நடக்கும்னு கத்துக்கும்.