கண்டீரவாவில் ஜொகூரை வென்ற இரவு: இறுதியில் தோற்றதால் அது குறைந்துவிடுமா?

அல்சூர் அரைக்களம் எழுதியது:

பதினொரு வயது மகன் கேட்ட ஒரு கேள்விக்கு என்னால் நேராகப் பதில் சொல்ல முடியவில்லை. அதனால் இங்கே கேட்கிறேன்.

2016 அக்டோபர் 19, புதன்கிழமை. பெங்களூரின் கண்டீரவா மைதானத்தில் ஏஎஃப்சி கோப்பை அரையிறுதியின் இரண்டாம் ஆட்டம். பெங்களூரு எஃப்சி 3, மலேசியாவின் ஜொகூர் தாருல் தக்சிம் 1. ஆசியக் கோப்பை ஒன்றின் இறுதிக்கு இந்தியக் கிளப் போனது அதுவே முதல் முறை. 2008இல் டெம்போவும் 2013இல் ஈஸ்ட் பெங்காலும் அரையிறுதியோடு நின்றுவிட்டன. நானும் என் அப்பாவும் அன்று அங்கே இருந்தோம். வீட்டில் கால்பந்துப் பேச்சு எங்கே தொடங்கினாலும் நான் அந்த இரவில்தான் கொண்டுபோய் முடிப்பேன். போன வாரம் மகன் கேட்டான்: "அந்த வருடம் நாம் கோப்பையை வென்றோமா அப்பா?" இல்லை என்றேன். "அப்படியென்றால் ஏன் எப்போதும் அதையே சொல்கிறீர்கள்?"

அவனுக்கு ஆட்டக் கணக்கைச் சொன்னேன். நாங்கள் ஜொகூரில் 1-1 எடுத்துவிட்டு வந்திருந்தோம், லிங்டோ அடித்த கோல் அது. இரண்டு ஆட்டத்தின் மொத்தக் கோல் சமமானால் வெளியூரில் அதிகம் போட்ட அணிக்கே வெற்றி என்ற விதி அன்று இருந்ததால், ஒன்றும் நடக்காமல் 0-0 என்று முடிந்தாலே நாங்கள் இறுதிக்குப் போய்விடுவோம். பதினோராவது நிமிடத்தில் ஜொகூரின் சஃபிக் ரஹிம் அடித்த கோல் அந்தக் கணக்கைத் தலைகீழாக்கிவிட்டது. எதிரில் நின்றது நடப்புச் சாம்பியன். அதே வருடம் குழு ஆட்டங்களில் எங்களை இரண்டு முறையும் தோற்கடித்த அணி. 41ஆவது நிமிடத்தில் லிங்டோவின் கார்னரைத் தலையால் முட்டி சேத்ரி சமன் செய்தார். 67ஆவது நிமிடத்தில் பெட்டிக்கு வெளியிலிருந்து அவர் அடித்த பந்து உள்ளே போயிற்று. அப்போதும் மூச்சு விட முடியவில்லை. 2-1இல் அவர்கள் இன்னொன்று போட்டிருந்தால் அவர்கள்தான் இறுதிக்குப் போயிருப்பார்கள். 75இல் ஹுவானன் தலையால் மூன்றாவதைப் போட்ட பிறகுதான் உட்கார்ந்தோம்.

இதெல்லாம் அவனுக்குப் புரிந்தது. ஆனால் நான் அந்த இரவைச் சொல்லிக்கொண்டே இருப்பதற்கு இது காரணமில்லை.

எங்கள் வீடு அல்சூரை ஒட்டிய கௌதமபுரம். தெருவில் அம்பேத்கர் சிலையும் உண்டு, பெலே சிலையும் உண்டு. அப்பா பொதுத்துறைத் தொழிற்சாலை ஒன்றின் அணியில் அரைக்களத்தில் ஆடியவர். 1968-69இல் மைசூர் அணி பெங்களூரிலேயே வங்காளத்தை வென்று, மாநில அணிகள் மோதும் சந்தோஷ் கோப்பையை எடுத்தபோது அவருக்குப் பதினாறு வயது. மைதானத்துக்குப் போனால் அவர் வாயில் வருவது ஒரே சொல்தான்: "போடு!" பந்தைத் தள்ளி விடவும் அதுதான், கோலுக்கு அடிக்கவும் அதுதான்.

2016 செப்டம்பர் 12 அன்று காவிரிக் கலவரம். தமிழ்நாட்டுப் பதிவெண் கொண்ட பஸ்கள் எரிந்த புகை இந்த நகரத்தில் எழுந்தது. ஊரடங்கு போட்டார்கள். அப்பா பிறந்ததும் வளர்ந்ததும் உழைத்ததும் இங்கேதான். அவருடைய கன்னடம் என்னுடையதை விட நல்ல கன்னடம். ஆனாலும் அந்த நாட்களில் பஸ்ஸில் போனால் என்னிடம்கூடக் கன்னடத்தில்தான் பேசினார். நான் தமிழில் பதில் சொன்னால் கையை மெல்ல அழுத்துவார். அதற்கு ஐந்து வாரம் கழித்துத்தான் இந்த ஆட்டம். கஸ்தூர்பா சாலை வாசலில் பைகளைச் சோதித்தபோதே கன்னடத்துக்கு மாறிவிட்டார். முதல் பாதி முழுவதும் அப்படித்தான். ஜொகூரின் கோலுக்கு ஒரு சத்தமும் இல்லை. சேத்ரியின் முதல் கோலுக்குக் கைதட்டினார், வாய் திறக்கவில்லை.

67ஆவது நிமிடத்தில் பந்து சேத்ரியின் காலுக்கு வந்தது. எனக்கு முன்னால் நின்றவர்கள் எல்லாரும் எழுந்துவிட்டார்கள், ஒன்றும் தெரியவில்லை. பக்கத்தில் "போடு!" என்று ஒரு குரல். நாற்பது வருடம் மைதானத்தில் கத்திப் பழகிய தொண்டை அது. அடித்த பந்து வலைக்குள் விழுந்ததை நான் பார்க்கவில்லை. அப்பாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவருக்கு அந்தப் பக்கம் இருந்த இளைஞன், யாரென்றே தெரியாது, முகத்தில் நீலச் சாயம் பூசியிருந்தான், திரும்பி "அப்பாஜி!" என்று அவரை அப்படியே இடுப்போடு தூக்கிவிட்டான். அப்பாவின் ஒரு செருப்பு கீழ் வரிசையில் விழுந்தது. அதை எடுத்துக் கொடுத்தவர் அவர் காலில் மாட்டிவிட்டே போனார். அப்பாவின் வெள்ளைச் சட்டையில் ஒட்டிய நீலம் இரண்டு சலவைக்குப் போகவில்லை.

அப்பா 2021இல் போய்விட்டார். அரையிறுதி வெற்றியைக் கோப்பைக்கு மேலே வைப்பது சரிதானா? அன்று அங்கே இருந்தவர்கள், எதிர்ப்பக்கம் இருந்தவர்கள், யாராக இருந்தாலும் சொல்லுங்கள். மகனுக்கு நான் என்ன பதில் சொல்வது?

---

தெப்ராவ் காற்பந்து எழுதியது:

ஐயா, எதிர்ப்பக்கம் இருந்தவன் நான்தான். ஜொகூர் பாருவில் பிறந்து வளர்ந்தவன். அந்த ஆட்டத்தை பாசிர் கூடாங்கில் வேலை முடிந்து வந்து மாமாக் கடையில் பெரிய திரையில் பார்த்தேன்.

அன்று நாங்கள் எந்த நிலையில் இருந்தோம் என்பதை உங்கள் மகனிடம் சொல்லுங்கள். 2015இல் துஷான்பேவுக்குப் போய், இஸ்திக்லோலை அவர்கள் சொந்தத் திடலிலேயே 1-0 என்று வென்று ஏஎஃப்சி கிண்ணத்தை எடுத்து வந்திருந்தோம். தென்கிழக்கு ஆசியாவில் வேறு எந்தக் கிளப்புக்கும் அதுவரை கிடைக்காத கிண்ணம். எஸ். குணாளன் போன்ற நம் பிள்ளைகள் இருந்த குழு என்பதால் எங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கும் ஈடுபாடு அதிகம். லார்க்கின் அரங்கத்தில் 1-1 ஆனபோது கொஞ்சம் வருத்தம்தான், பயம் இல்லை. சஃபிக் கோல் போட்டதும் என் நண்பன் எல்லாருக்கும் இன்னொரு சுற்றுத் தே தாரேக், இழுத்து ஆற்றிய தேநீர், சொன்னான்.

மூன்றாவது கோல் விழுந்தபோது அந்தத் தேநீர்க் கோப்பைகள் அப்படியே ஆறிப்போய் மேசையில் இருந்தன. யாரும் பேசவில்லை. கடைக்காரர் வந்து ஒலியைக் குறைத்துவிட்டுப் போனார். அந்த வருடக் கிண்ணத்தை நாங்கள் மனத்தில் எடுத்தே வைத்திருந்தோம். இறுதியில் வென்ற ஈராக்கியர்கள் கையில் அது போனதாக எங்களுக்குத் தோன்றவே இல்லை. பெங்களூரில் விட்டோம் என்றுதான் இன்றும் பேசுகிறோம்.

ஒரு வெற்றி எவ்வளவு பெரியது என்று தோற்றவனிடம் கேளுங்கள் ஐயா. உங்கள் மகன் நம்பவில்லை என்றால் என் பதிலைக் காட்டுங்கள். அன்று ஜொகூரில் ஆடிக்கொண்டிருந்த பல முகங்கள் மறந்துவிட்டன, சேத்ரி அந்த இரண்டாவது கோலுக்குப் பிறகு ஓடிய ஓட்டம் மறக்கவில்லை.

ஒன்று கேட்கலாமா? ஆட்டம் முடிந்து வெளியே வந்த பிறகு அப்பா தமிழில் பேசினாரா?

---

ராமமூர்த்தி நகர் எழுதியது:

நான் அன்று வந்திருக்க வேண்டியவன். டிக்கெட் கையில் இருந்தது. ஆனால் என்னுடைய பைக் கிருஷ்ணகிரிப் பதிவெண். செப்டம்பரிலிருந்து அதைப் படுதா போட்டு மூடி வீட்டுக்குப் பின்னால் நிறுத்தியிருந்தேன். பஸ்ஸில் வரலாம்தான். இரவு திரும்பும்போது ஏதாவது ஆகிவிட்டால் என்று அம்மா தடுத்துவிட்டார்கள். எனக்கும் உள்ளூர அதே பயம் இருந்தது, அம்மா மேல் மட்டும் பழி போட மாட்டேன்.

தொலைக்காட்சியில் பார்த்தேன். மேற்கு ஸ்டாண்டின் முரசுச் சத்தம் கேட்கும்போதெல்லாம் என் இடத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார்களோ என்று நினைத்துக்கொண்டேன். ஒன்பது வருடமாக அந்தக் கூட்டத்தை நினைத்தால் எனக்கு ஒரு நெருடல்தான் வரும். அந்தக் கூட்டத்துக்குள் ஒருவர் தமிழில் கத்தினார், அவரைத் தூக்கிக் கொண்டாடினார்கள் என்று இன்றுதான் தெரிந்தது. நன்றி அண்ணா. உங்கள் கேள்விக்கு எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை, இதைச் சொல்லாமல் போக மட்டும் மனம் வரவில்லை.

---

கடற்கரைக் கயல் எழுதியது:

எனக்கு ஒரு மாற்றுக் கருத்து இருக்கிறது, வருத்தப்படாதீர்கள்.

நான் கன்னியாகுமரி மாவட்டம், தூத்தூர்ப் பக்கம். எங்கள் கரையில் பையன்கள் நடக்கத் தொடங்கியதும் பந்துதான். 2016இல் தோஹாவில் வேலையில் இருந்தேன். நவம்பர் 5 சனிக்கிழமை, விடுமுறை நாள், சுஹைம் பின் ஹமத் மைதானத்துக்கு நாங்கள் ஐந்து பேர் போனோம். கிளப்பைப் பற்றி அதற்கு முன் எனக்கு அதிகம் தெரியாது. இந்தியாவிலிருந்து ஒரு அணி இறுதிக்கு வந்திருக்கிறது என்பதே போதுமானதாக இருந்தது. எங்கள் வரிசையில் மலையாளம், வங்காளம், தமிழ் எல்லாம் கேட்டது.

எதிரணி ஈராக்கின் அல் குவா அல் ஜவியா. சொந்த நாட்டில் ஆட முடியாத சூழலில் தோஹாவையே ஊராக்கிக்கொண்டு ஆடியவர்கள். பந்து பெரும்பாலும் அவர்களிடம்தான். நம் கோல்கீப்பர் அம்ரிந்தர் இல்லை, ஆடத் தடை. அவருக்குப் பதில் லால்துவம்மாவியா ரால்டே. எழுபதாவது நிமிடம் வரை அந்தப் பையன் பிடித்துக்கொண்டே இருந்தான். எழுபதில் ஹம்மாதி அகமது அடித்தார். அந்தத் தொடரில் பதினாறு கோல் போட்ட ஆள், அவரை ஒரே ஒரு முறை விட்டோம். 0-1.

நான் சொல்ல வருவது இதுதான். அக்டோபர் இரவைக் கோப்பைக்கு மேலே வைத்தால், நவம்பரில் அந்தப் பையன் தடுத்ததெல்லாம் எங்கே போகும்? ஆட்டம் முடிந்ததும் நீலச் சட்டைகள் எங்கள் பக்கம் வந்து கைதட்டி நின்றபோது எங்களில் யாரும் இருக்கையை விட்டு நகரவில்லை. வெளியே வரும்போது ஈராக்கியக் குடும்பம் ஒன்று எங்களுக்கு இனிப்பு கொடுத்தது. ஊரே சிதைந்து கிடந்த நேரத்தில் அவர்களுக்குக் கிடைத்த வெற்றி அது. மகனிடம் இரண்டு இரவையும் சொல்லுங்கள். முதலாவதை மட்டும் சொன்னால் கதை பாதியில் நிற்கும், அதனால்தான் அவன் கேள்வி கேட்கிறான் என்று எனக்குத் தோன்றுகிறது.

---

அல்சூர் அரைக்களம் எழுதியது:

கயல், நீங்கள் சொன்னது உறைத்தது. இறுதி ஆட்டத்தை வீட்டில் அப்பாவோடு பார்த்தேன், ஆனால் மகனிடம் அதைப் பற்றி "தோற்றோம்" என்பதற்கு மேல் ஒரு சொல் சொன்னதில்லை. ரால்டேயின் பெயரைக்கூடச் சொன்னதில்லை. நேற்று இரவு இருவரும் உட்கார்ந்து அந்த ஆட்டத்தின் சுருக்கத்தைப் பார்த்தோம். மகன் பள்ளி அணியில் கோல்கீப்பர். தடுப்புகளை மட்டும் திரும்பத் திரும்பப் போடச் சொன்னான். ஹம்மாதியின் கோலைப் பார்த்துவிட்டு, "இதில் கீப்பர் செய்ய ஒன்றுமில்லை" என்றான்.

ஆனாலும் வரிசையை மாற்ற எனக்கு மனம் வரவில்லை. கோப்பை வந்திருந்தால் அது கிளப்பின் அலமாரிக்குப் போயிருக்கும், நானும் மகிழ்ந்திருப்பேன். அக்டோபர் 19 எங்களுக்கு வேறொன்றைக் கொடுத்தது. ராமமூர்த்தி நகர் தம்பி எழுதியதைப் படித்த பிறகு அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. தம்பி, உங்கள் இருக்கை எது என்று தெரியாது. ஆனால் அந்தப் பயம் எங்களுக்குள்ளும்தான் இருந்தது. மைதானத்துக்குள் வந்து உட்கார்ந்திருந்தோம் என்பது மட்டும்தான் வித்தியாசம். அடுத்த சீசனில் ஒரு நாள் சேர்ந்து போவோம், செய்தி அனுப்புங்கள்.

தெப்ராவ் நண்பருக்கு: உங்கள் பதிலை மகனிடம் காட்டினேன். "அவர்கள் இன்னும் வருத்தப்படுகிறார்களா?" என்று கேட்டான். உங்களுக்கு ஆடிய ஹோர்ஹே பெரைரா டியாஸ் பின்னால் எங்கள் பெங்களூருக்கே ஆட வந்தார் என்று சொன்னபோது அவனால் நம்ப முடியவில்லை.

அப்பா பேசினாரா என்று கேட்டீர்கள். அன்று எங்களுக்கு ஆட்டோ கிடைக்கவில்லை. கஸ்தூர்பா சாலையிலிருந்து எம்.ஜி. சாலை, டிரினிட்டி வழியாக அல்சூர் வரை நடந்தே வந்தோம். அப்பாவுக்கு அறுபத்து நான்கு வயது, முழங்கால் வலி வேறு. வழியெல்லாம் லிங்டோவின் கார்னர்தான். பந்தைக் கிட்டக் கம்பத்துக்குப் போடாமல் தள்ளிப் போட வேண்டிய காரணம் என்ன, ஓடி வருகிறவன் எந்த அடியில் கிளம்ப வேண்டும், 1970களில் தன் தொழிற்சாலை அணியில் அதை எப்படிப் பழகினார்கள் என்று நடைபாதையில் நின்று நின்று காட்டினார். டிரினிட்டி சந்திப்பில் சிக்னலுக்கு நின்றபோது, பக்கத்தில் இருந்த போக்குவரத்துக் காவலர் திரும்பிப் பார்த்தார். நான் அப்பாவின் கையை அழுத்தினேன். அவர் கையை விலக்கிக்கொண்டு, அந்த கார்னரை இன்னொரு முறை, அதே சத்தத்தில், தமிழில் முதலிலிருந்து சொன்னார்.