ஒரு பல் சாவியும் 'எக்ஸ்போர்ட்' சைஃபரும்

நெட்ஸ்கேப் பிரவுசர் காலத்து ஆட்களுக்குத் திரையின் அடியில் இடப்பக்கம் இருந்த அந்தக் குட்டிச் சாவிப் படம் நினைவிருக்கும். சாதாரணப் பக்கம் என்றால் உடைந்த சாவி, குறியாக்கம் (என்க்ரிப்ஷன்) செய்த பக்கம் என்றால் முழுச் சாவி. என்னிடம் இருந்த வெளிநாட்டுப் பதிப்பில் அந்தச் சாவிக்கு ஒரே ஒரு பல்தான். பிட் கூடக்கூட உடைப்பது கடினம்; இரண்டு பல் என்றால் 128 பிட் நீளச் சாவி. அது அமெரிக்கா, கனடாவில் இருப்பவர்களுக்கு. மற்றவர்களுக்கு 40 பிட் போதும் என்பது அமெரிக்க அரசின் கணக்கு. வலுவான குறியாக்க மென்பொருள் அன்று அவர்களுடைய ஆயுத ஏற்றுமதிப் பட்டியலில் இருந்தது! அந்த 40 பிட்டின் லட்சணம் 1995-இலேயே தெரிந்துவிட்டது. பிரான்ஸில் ஓர் ஆய்வாளர் சுமார் 120 கணினிகளை ஓடவிட்டு எட்டே நாளில் ஒரு சாவியை உடைத்துவிட்டார்.

அப்புறம் அலுவலகத்தில் லோட்டஸ் நோட்ஸ் என்ற மின்னஞ்சல் மென்பொருள். அதன் வெளிநாட்டுப் பதிப்பில் சாவி 64 பிட். ஆனால் அதில் 24 பிட்டை அமெரிக்க உளவு அமைப்பான என்எஸ்ஏ மட்டும் திறக்கும்படி பூட்டி, செய்தியோடு சேர்த்தே அனுப்பிவிடும். அவர்கள் உடைக்க வேண்டியது மிச்சம் 40 பிட். லோட்டஸ்காரர்கள் இதைத் திருட்டுத்தனமாகச் செய்யவில்லை, 1996-இல் வெளிப்படையாகவே அறிவித்தார்கள். எங்களில் ஒருவருக்கும் தெரியாது. சம்பளப் பட்டியல் உட்பட எல்லாம் அதில்தான் போய்க்கொண்டிருந்தது.

2000 ஜனவரியில் அமெரிக்காவில் அந்த ஏற்றுமதி விதிகளைத் தளர்த்தினார்கள். விட்டது தொல்லை என்று இருந்தோம்.

2015 மார்ச்சில் 'ஃப்ரீக்' என்ற பாதுகாப்பு ஓட்டை வெளியானதும் ஒரு வாடிக்கையாளரின் சர்வரைச் சோதிக்கப் போனேன். சைஃபர் பட்டியலின், அதாவது சர்வர் ஏற்கும் குறியாக்க முறைகளின் பட்டியலின், அடியில் அந்த ஏற்றுமதி விதிக்காகப் பலவீனமாக்கிய 'எக்ஸ்போர்ட்' வரிசை அப்படியே கிடந்தது, 512 பிட் ஆர்எஸ்ஏ சாவியோடு (ஆர்எஸ்ஏ வேறு வகைக் குறியாக்கம், அதற்கு 512 பிட் பலவீனம்). நடுவில் புகுந்தவன் இணைப்பை அந்தப் பழைய சாவிக்கு இறக்கிவிடலாம். அதை வாடகைக் கணினிகளில் ஏழெட்டு மணி நேரத்தில், 100 டாலர் சொச்சத்தில் உடைத்துக் காட்டியிருந்தார்கள். அங்கிருந்த இளம் பொறியாளர், "இதை யார் சார் போட்டது?" என்றார். மென்பொருளோடு வந்தது, யாரும் எடுக்கவில்லை, அவ்வளவுதான். கான்ஃபிக்கில் ஒரே ஒரு வரியை மாற்றி மறுபடி ஓட்டினோம், சரியாகிவிட்டது. அதே ஓட்டை என்எஸ்ஏவின் சொந்தத் தளத்திலும் இருந்தது என்று படித்தபோதுதான் வாய்விட்டுச் சிரித்தேன்.

அரசுக்கு மட்டும் தனிச் சாவி கொடுத்தால் என்ன என்று யாராவது ஆரம்பித்தால் நான் இந்தச் சர்வர் கதையைத்தான் சொல்வேன். பழைய சர்வர் வைத்திருப்பவர்கள், சைஃபர் பட்டியலில் 'எக்ஸ்ப்' (EXP) என்று தொடங்கும் பெயர் ஏதாவது இன்னும் இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.