மறு: ‘ஃபீட்டல் புரோகிராமிங்’ – ‘கருக்காலப் பழகல்’ என்று சொல்லலாமா?

குழுமத்தாருக்கு வணக்கம்.

கருவில் இருக்கும்போதே உடம்பின் வேலைமுறை அமைந்துவிடுவதை ஆங்கிலத்தில் ‘ஃபீட்டல் புரோகிராமிங்’ (fetal programming) என்கிறார்கள். அதற்குத் தமிழ்ச் சொல் தேடும் இந்த இழையில் இதுவரை கருநிலை நிரலாக்கம், கருப்பதிவு, கருவிதிப்பு, கருக்காலத் தகவமைப்பு என்று நான்கு சொற்கள் வந்திருக்கின்றன. கோத்தகிரிப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் இருக்கும் கர்ப்பிணிகளுக்காக ஓர் ஊட்டச்சத்துக் கையேடு எழுதிக்கொண்டிருக்கிறேன். தாயின் எடையும் சாப்பாடும் பிள்ளையின் பிற்கால உடல் பருமனை எப்படிப் பாதிக்கின்றன என்பதுதான் அதன் மையம். ஆகவே எனக்கு இந்தச் சொல் அவசரமாக வேண்டும். நான்கையும் கிராம சுகாதாரச் செவிலியர்களிடம் சொல்லிப் பார்த்தேன். எதுவும் நிற்கவில்லை.

சொல்லுக்கு முன்னால் பொருளைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லிவிடுகிறேன். தாயிடமிருந்து என்ன வருகிறதோ, எவ்வளவு வருகிறதோ, அதை வைத்துத்தான் கருவின் கணையமும் கொழுப்புத் திசுவும் பசியை ஆளும் மூளைப் பகுதியும் உருவாகும்போதே தங்கள் வேலைமுறையை அமைத்துக்கொள்கின்றன. பிறந்த பிறகும் அந்த அமைப்பு நீடிக்கிறது. இதற்கு எதிரெதிரான இரண்டு வழிகள் உண்டு. நாம் தேடும் சொல் இரண்டையும் தாங்க வேண்டும்.

ஒன்று, குறைவு. 1944-45 குளிர்காலத்தில் நெதர்லாந்தின் மேற்குப் பகுதிக்கு உணவு போகாமல் ஜெர்மன் படை தடுத்தது. ஒருவருக்கான நாள் பங்கீடு ஆயிரம் கலோரிக்கும் கீழே இறங்கியது. அப்போது தாய் வயிற்றில் இருந்த ஆண்பிள்ளைகள் 19 வயதில் ராணுவப் பரிசோதனைக்கு வந்தார்கள். அந்தப் பதிவேடுகளை அலசிய ஆய்வு 1976இல் வெளிவந்தது. கர்ப்பத்தின் முதல் பாதியில் பஞ்சம் பட்டவர்களிடம் பருமன் கூடுதல். கடைசி மூன்று மாதங்களில் பட்டவர்களிடம் குறைவு. பட்டினி ஒன்றுதான், மாதம் மாறியதும் விளைவு தலைகீழாகிவிட்டது.

நமக்கு இன்னும் நெருக்கமானது புனே ஆய்வு. டாக்டர் சித்தரஞ்சன் யாஜ்னிக் குழுவினர் புனேவை ஒட்டிய கிராமங்களில் பிறந்த குழந்தைகளை இங்கிலாந்தின் சவுதாம்ப்டன் குழந்தைகளோடு ஒப்பிட்டார்கள். அங்கே சராசரிப் பிறப்பு எடை சுமார் 3.5 கிலோ, இங்கே சுமார் 2.7 கிலோ. நம் குழந்தைகளுக்குத் தசை குறைவு, உள்ளுறுப்புகளும் சிறியவை. ஆனால் முதுகுத் தோலைக் கிள்ளி அளந்த கொழுப்பு மட்டும் அந்த அளவுக்குக் குறையவில்லை. அதாவது, பார்வைக்கு ஒல்லி, உள்ளே விகிதத்தில் கொழுப்பு அதிகம். ‘எம்புள்ள நோஞ்சான், இதுக்கு எங்க சுகர் வரப்போகுது’ என்று சொல்லும் தாய்க்கு இதைத்தான் முதலில் விளக்க வேண்டியிருக்கிறது.

இன்னொன்று, மிகை. தாயின் ரத்தச் சர்க்கரை நஞ்சுக்கொடியைக் கடந்து பிள்ளைக்குப் போகும், தாயின் இன்சுலின் போகாது. வந்து சேரும் சர்க்கரையைச் சமாளிக்கப் பிள்ளையின் கணையமே கூடுதலாக இன்சுலின் சுரக்கிறது. அந்த இன்சுலின் கொழுப்பைச் சேர்க்கிறது. டென்மார்க்கின் பெடர்சன் 1950களிலேயே சொன்ன விளக்கம் இது. அமெரிக்காவின் பீமா பழங்குடியினரிடம் ஒரே தாயின் பிள்ளைகளையே ஒப்பிட்டுப் பார்த்தார்கள். தாய்க்குச் சர்க்கரை நோய் வந்த பிறகு பிறந்த பிள்ளைக்கு, அதற்கு முன் பிறந்த அண்ணன் அக்காவைவிட உடல் எடைக் குறியீடு அதிகம். பரம்பரையும் வீட்டுச் சாப்பாடும் கிட்டத்தட்ட ஒன்றாக இருந்தும் இந்த வேறுபாடு வந்ததால்தான் நான் இந்த ஆய்வை இவ்வளவு மதிக்கிறேன்.

எங்கள் மலையில் இந்த இரண்டு வழியும் ஒரே பெஞ்சில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பரிசோதனை நாள் காலையைப் பாருங்கள். 75 கிராம் குளுக்கோஸ் கரைத்த தண்ணீரைக் குடித்துவிட்டு, சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு இரண்டு மணி நேரம் காத்திருக்க வேண்டும். அந்தக் குளிரில், வெறும் வயிற்றோடு வந்தவர்களுக்குக் குமட்டும். ரத்தச் சர்க்கரை 140ஐத் தொட்டால் கர்ப்பகாலச் சர்க்கரை நோய். அங்கே கொழுந்து பறிக்கும் பெண் ஒருத்தி நாற்பது கிலோவைத் தாண்டாமல் இருப்பாள். காலையில் ஒரு வர்க்கியும் (எங்கள் ஊர் மொறுமொறு பிஸ்கட்) இனிப்பு டீயும், மதியம் சோறும் ரசமும். ‘கொறச்சு சாப்பிட்டாத்தான் புள்ள சின்னதா இருக்கும், சுகப்பிரசவம் ஆகும்’ என்று மாமியார் சொல்லியிருப்பார். அவள் பக்கத்தில் குன்னூர் பஜாரிலிருந்து வந்தவள், கர்ப்பமாகும் முன்பே எழுபது கிலோ. அவளிடம் ‘ரெண்டு உயிருக்குச் சேத்து சாப்பிடு’ என்றிருப்பார்கள். உண்மையில் கர்ப்பத்தின் பிற்பகுதியில் கூடுதலாகத் தேவைப்படுவது நாளுக்குச் சுமார் 350 கிலோகலோரிதான். எடையேற்றத்துக்கும் ஆளுக்கு ஏற்ற அளவு உண்டு. அமெரிக்காவில் 2009இல் வகுத்த வரையறைப்படி எடை குறைந்தவளுக்கு 12.5 முதல் 18 கிலோ வரை ஏறலாம், பருமன் உள்ளவளுக்கு 5 முதல் 9 கிலோ போதும்.

சரி, சொற்களுக்கு வருகிறேன்.

நிரலாக்கம் என்றால் இன்றைய பிள்ளைகளுக்குக் கணினிதான். யாரோ எழுதிவைத்த கட்டளை, அது அப்படியே ஓடும் என்ற எண்ணம் வந்துவிடுகிறது. கருப்பதிவு காதுக்கு நன்றாகவே இருக்கிறது. ஆனால் செவிலியரிடம் சொன்னால், ‘பதிவு போன மாசமே பண்ணியாச்சே, நம்பர்கூட வந்திருச்சே’ என்கிறார். கர்ப்பத்தைப் பதிவு செய்து எண் வாங்கினால்தான் தமிழக அரசின் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவி கிடைக்கும். அவர்கள் உலகில் ‘பதிவு’ என்ற சொல் ஏற்கெனவே குடியேறிவிட்டது.

கருவிதிப்பை நான் கடுமையாகவே எதிர்க்கிறேன். அதில் விதி இருக்கிறது. பிள்ளை குண்டாக இருந்தால் ‘எல்லாம் நீ வயித்துல வச்சிருந்தப்போ தின்ன தீனி’ என்று ஒரு பெண்ணைக் குத்திக்காட்ட, கலைச்சொல்லே கையில் எடுத்துக் கொடுத்த மாதிரி ஆகிவிடும். பத்து மணி நேரம் தோட்டத்தில் நின்றுவிட்டு வருபவளுக்கு என்ன சாப்பிடுவது என்பதில் எவ்வளவு தேர்வு இருக்கிறது?

தகவமைப்பு நல்ல சொல், பள்ளி உயிரியலில் எல்லோரும் படித்தது. ஆனால் அது குறைவுக்கு மட்டும்தான் பொருந்தும். வரப்போகும் பஞ்சத்துக்குத் தயாராவதைத் தகவமைப்பு எனலாம். சர்க்கரை வெள்ளத்தில் கணையம் திணறுவதை அப்படிச் சொல்ல முடியாது.

என் முன்மொழிவு: கருக்காலப் பழகல். செவிலியர்கள் தாங்களாகவே சொல்வது இதுதான்: ‘வயித்துக்குள்ள இருக்கும்போதே உடம்பு அப்படிப் பழகிக்கும்.’ புதுச் சட்டியைப் பழக்குகிறோம் இல்லையா, கஞ்சித் தண்ணீர் ஊற்றி, எண்ணெய் தடவி? அந்தப் பொருளில் எடுத்துக்கொள்ளுங்கள். சரியாகப் பழகாத சட்டியை மறுபடியும் பழக்கலாம். குறைவில் பழகல், மிகையில் பழகல் என்று இரண்டு வழிக்கும் கிளைச்சொல் தானாகவே கிடைக்கிறது.

அன்புடன்,
கோத்தகிரியிலிருந்து

-----

கொடைக்கானலிலிருந்து மறுமொழி:

அன்புள்ள அம்மா, விளக்கம் தெளிவு. கருவிதிப்பை முன்மொழிந்தவன் நான்தான். நீங்கள் சொன்ன காரணத்துக்காகவே அதை விட்டுவிடலாம். ஆனால் முப்பது வருடம் விலங்கியல் நடத்தியவனாக இரண்டு ஐயங்கள். ஒன்று, பழகல் என்றதும் ‘தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும்’ என்பதுதான் நம் மக்களுக்கு நினைவு வரும். விதியை வாசல் வழியே அனுப்பிவிட்டுக் கொல்லை வழியே அழைத்த மாதிரி ஆகாதா? இரண்டு, ‘கருவில் பழகுவது’ என்றால் அபிமன்யு வயிற்றுக்குள் சக்கர வியூகம் கேட்ட கதைக்குப் போய்விடுவார்கள். பாட்டு கேட்டால் பிள்ளை புத்திசாலி ஆகும் என்ற பேச்சு இப்போதே நிறைய. பயில்வு என்று வைத்தால் என்ன?

-----

கோத்தகிரியிலிருந்து:

ஐயா, வணக்கம். அபிமன்யுவைப் பயில்வுதான் இன்னும் சீக்கிரம் கூட்டிவரும். ‘உடல்’ என்று முன்னால் சேர்த்தால் உடற்பயிற்சி ஆகிவிடுகிறது. பழகுவதற்குப் புத்தி வேண்டாம். குளிருக்கு உடம்பு பழகுகிறது, உயரத்துக்குப் பழகுகிறது. நம் இரண்டு மலைக்கும் கீழிருந்து வேலை மாற்றலாகி வருகிறவர்கள் நாள்தோறும் சொல்லும் சொல்தானே அது?

தொட்டில் பழமொழி வலுவான தடை. அதற்குச் சொல்லை மாற்றுவதைவிட, வரையறையிலேயே பதில் வைத்துவிடலாம். உண்மையும் நமக்குத் துணை நிற்கிறது. பிறந்த பிறகும் உடம்பு பழகிக்கொண்டுதான் இருக்கிறது. சிறிதாகப் பிறந்த பிள்ளையை ஒரே வருடத்தில் கொழுகொழுவென்று ஆக்கிக்காட்ட நினைத்து வேகமாக எடை ஏற்றினால் பருமன் வாய்ப்பு கூடுகிறது. முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் கொடுத்து, அப்புறம் கேழ்வரகு, சாமை, அவரை, கீரை என்று நிதானமாகப் போனால் அதுவும் ஒரு பழகல்தான். மறுபக்கம், கர்ப்பமான பிறகு மட்டும் சாப்பாட்டைத் திருத்திய ஆய்வுகளில் தாயின் எடையேற்றம் கொஞ்சம் குறைந்தது, பிள்ளையின் பருமனில் எதிர்பார்த்த மாற்றம் தெரியவில்லை. ஆகவே கருத்தரிக்கும் முன் தாயின் எடையும் இதில் சேர வேண்டும். பொறுப்பு அவள் ஒருத்தியுடையது அல்ல என்பதற்கும் இதுவே சான்று. வளரும் பருவத்திலேயே பெண்பிள்ளைக்கு முட்டையும் பருப்பும் கிடைத்ததா என்பதில் தொடங்குகிற விஷயம் இது.

நம் கலைச்சொல் பட்டியலுக்கான வரையறையை இப்படி வைக்கலாம்:

கருக்காலப் பழகல்: கருத்தரிப்புக்கு முன்னும் கர்ப்பத்திலும் தாய்க்குக் கிடைக்கும் ஊட்டம் குறைந்தாலோ மிகுந்தாலோ, கருவின் உறுப்புகள் அதற்கேற்ற வேலைமுறையில் அமைவது. பிற்காலத்தில் பருமன், சர்க்கரை நோய், இதயநோய் வாய்ப்பைக் கூட்டலாம். பிறந்த பின் உணவாலும் வளர்ப்பாலும் ஓரளவு மாறக்கூடியது.

‘ஓரளவு’ என்பதை மட்டும் யாரும் வெட்டிவிடாதீர்கள், ‘முழுவதும்’ என்று மாற்றியும் விடாதீர்கள். புனே ஆய்வில் வரும் ஒல்லிக் குழந்தைக்கு இன்னும் சொல் அமையவில்லை. ‘ஒல்லிக்கொழுப்பு’ என்று ஒருவர் எழுதியிருந்தார். தாயிடம் போய் உங்கள் பிள்ளைக்குக் கொழுப்பு என்று எப்படிச் சொல்வது? அதற்குத் தனி இழை தொடங்குகிறேன். பல் மருத்துவச் சொற்கள் முடிந்ததும் எடுத்துக்கொள்வோம்.